அறைக்கு அறை அசைவறியும் ரேடார்: எந்த அலைவரிசையை எங்கே ஒதுக்குவது?

கேட்கப்பட்டது இதுதான்: மூன்று மாடி, 24 அறைகள் உள்ள முதியோர் இல்லம். கேமரா கூடாது. ஒவ்வொரு அறையிலும் நடமாட்டம் தெரிய வேண்டும். இரவில் ஒருவர் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தாலும் மூச்சின் அசைவை வைத்து "ஆள் இருக்கிறார்" என்று தெரிய வேண்டும். எந்த அலைவரிசையில் சென்சார் வாங்குவது, இத்தனை சென்சார்களும் ஒன்றையொன்று குழப்பாமல் எப்படிப் பிரிப்பது, லைசென்ஸ் தேவையா?

சுருக்கமான பதில்: படுக்கையறைக்குள் 60 ஜிகாஹெர்ட்ஸ், தாழ்வாரத்துக்கும் பொதுக்கூடத்துக்கும் 24 ஜிகாஹெர்ட்ஸ். வைஃபை சிக்னலை வைத்து அசைவறிவதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சென்சார்களுக்குள் மோதலைத் தவிர்க்க அலைவரிசையைத் துண்டு போடாதீர்கள். நேரத்தைத் துண்டு போடுங்கள். பலரும் தவறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். ஏன் என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

ரேடாரில் இரண்டு எண்கள் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன. எந்த அதிர்வெண்ணில் ஒலிபரப்புகிறோம் என்பது, எவ்வளவு சிறிய அசைவு தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. எவ்வளவு அகலமான பேண்டை, அதாவது அதிர்வெண் பட்டையை, பயன்படுத்துகிறோம் என்பது, தூரத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. முதலாவதற்குக் கணக்கு: மார்பு 1 மி.மீ. முன்னே வந்தால் அலை போய்த் திரும்பும் வழியில் 2 மி.மீ. குறைகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 செ.மீ.; அந்த 2 மி.மீ.க்கு ஃபேஸ் (அலை தன் சுழற்சியில் நிற்கும் இடம்; முழுச் சுற்று 360 டிகிரி) 6 டிகிரிகூட மாறாது. 24 ஜிகாஹெர்ட்ஸில் 58 டிகிரி. 60 ஜிகாஹெர்ட்ஸில் 144 டிகிரி. மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர்தான் எழுந்து அடங்கும். படுத்திருப்பவர் ஒருக்களித்து, போர்வைக்குள் இருந்தால் இன்னும் குறைவு. மூச்சைப் பிடிக்க 60 என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இரண்டாவதற்குக் கணக்கு: ஒளியின் வேகத்தைப் பேண்ட் அகலத்தின் இருமடங்கால் வகுத்தால் தூரப் பிரிதிறன் வரும். 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபை சானலுக்கு அது 7.5 மீ.; ஓர் அறையே அதற்குள் அடங்கிவிடும். 200 மெகாஹெர்ட்ஸுக்கு 75 செ.மீ. 4 ஜிகாஹெர்ட்ஸுக்கு 3.75 செ.மீ. இப்போது 24 ஜிகாஹெர்ட்ஸ் பேண்டைப் பாருங்கள்: 24.00 முதல் 24.25 வரை, மொத்தமே 250 மெகாஹெர்ட்ஸ். நான்கு சென்சாருக்கு ஆளுக்கு 60 மெகாஹெர்ட்ஸ் என்று பங்கு போட்டால் பிரிதிறன் 2.5 மீட்டராகிவிடும். கட்டிலில் இருப்பவரையும் கதவருகே நிற்பவரையும் பிரிக்க முடியாது. வைஃபையில் சானல் 1, 6, 11 என்று பிரித்துப் பழகிய கை ரேடாரிலும் அதையே செய்யப் பார்க்கும். ரேடாருக்கு அகலம்தான் பார்வை; அதை வெட்டக்கூடாது.

இனி ஒவ்வொரு பேண்டாக.

10.525 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும் எச்பி100 போன்ற மாட்யூல்கள் மலிவு. கதவு திறக்க, விளக்கு போட அவை போதும். ஒரே அதிர்வெண்ணைத் தொடர்ந்து அனுப்பி, திரும்பி வரும் அலையின் டாப்ளர் மாற்றத்தை (அசைவால் அதிர்வெண் மாறும் அளவை) மட்டும் தருபவை இவை. தூரம் தெரியாது, ஆடாமல் இருப்பவர் தெரியமாட்டார். இன்னொரு சிக்கலும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது. குழலுக்குள் இருக்கும் பிளாஸ்மா ரேடார் அலையையும் அதே தாளத்தில் எதிரொலிக்கிறது. 10.525 ஜிகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 1 மீட்டர் வேகம் 70 ஹெர்ட்ஸ் டாப்ளர் தரும். அப்படியென்றால் 100 ஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 1.4 மீ., அதாவது மனிதர் சாதாரணமாக நடக்கும் வேகம். விளக்கை வடிகட்ட 100 ஹெர்ட்ஸில் ஃபில்டர் போட்டால் நடப்பவரின் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். அதே 100 ஹெர்ட்ஸ், 24.125 ஜிகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 0.62 மீ.; 60-இல் 0.25 மீ. அங்கே ஃபில்டர் போடுவது நடையை அவ்வளவு பாதிக்காது.

24 ஜிகாஹெர்ட்ஸின் ஓரங்களைக் கவனிக்க வேண்டும். 24.00-க்குக் கீழே, 23.6 முதல் 24.0 வரை, சர்வதேச வானொலி விதிகளின்படி யாரும் எதையும் ஒலிபரப்பக்கூடாது. வானிலைச் செயற்கைக்கோள்கள் வளிமண்டல நீராவியிலிருந்து தானாக எழும் மிக மெல்லிய கதிர்வீச்சை 23.8 ஜிகாஹெர்ட்ஸ் அருகில் அளக்கின்றன. புயல், மழை கணிப்புக்குள் போகும் தரவு அது. மேலே 24.25-இலிருந்து 27.5 வரை 2019 உலக வானொலி மாநாட்டில் 5ஜி-க்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஒரு காலத்தில் கார் ரேடார்கள் 22 முதல் 29 வரை விரித்துப் பயன்படுத்தின. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதைக் கட்டம் கட்டமாக மூடி, கார்களை 76–81 ஜிகாஹெர்ட்ஸுக்கு அனுப்பிவிட்டன. எனவே பழைய "24 ஜிகாஹெர்ட்ஸ் அகலப் பேண்ட்" சிப்பு மலிவாகக் கிடைத்தால் எடுக்காதீர்கள். 250 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடும் சிப்பிலும் ஸ்வீப்பை (அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே போகும் ஓட்டத்தை) ஓரம் வரை இழுக்க வேண்டாம். சூட்டில் ஆசிலேட்டரின் (அலையை உருவாக்கும் பகுதியின்) அதிர்வெண் நகரும். இரு பக்கமும் 25 மெகாஹெர்ட்ஸ் விட்டு, 24.025 முதல் 24.225 வரை ஓட்டினால் 200 மெகாஹெர்ட்ஸ், 75 செ.மீ. பிரிதிறன் கிடைக்கும். தாழ்வாரத்துக்கு அது தாராளம்.

சந்தையில் அதிகம் புழங்கும் எல்டி2410 என்ற 24 ஜிகாஹெர்ட்ஸ் மாட்யூலில் தூரத்தை 0 முதல் 8 வரை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் 0.75 மீ. என்று வைத்திருப்பார்கள். அந்த 0.75 எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். இதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அசைவுக்கு ஒன்று, அசையாமல் இருப்பதற்கு ஒன்று என்று இரண்டு உணர்திறன் எண்களை அமைக்கலாம். அறையின் எதிர்ச்சுவர் 3.5 மீட்டரில் இருந்தால் 5-ஆம் கட்டத்துக்கு அப்பால் எதையும் கேட்காதபடி மூடிவிடுங்கள். மெல்லிய தடுப்புக்கு அப்பால் நடப்பவர் உங்கள் அறைக்குள் இருப்பதாகக் காட்டும் தொல்லையில் பெரும்பகுதி இதிலேயே தீரும். 5 வோல்ட், 200 மில்லிஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடிய சுத்தமான சப்ளை வேண்டும். கைபேசி சார்ஜரின் இரைச்சல் நேராக "அசையாத ஆள்" கணக்கில் போய் உட்காரும்.

இனி 60 ஜிகாஹெர்ட்ஸ். விதியும் கணக்கும் பின்னிக் கிடக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அமெரிக்காவில் இந்தப் பேண்ட் முதலில் தகவல் தொடர்புக்கெனத் திறக்கப்பட்டது. கூகுள், கை அசைவறியும் தனது சோலி ரேடாருக்கு 57–64 முழுவதும் கூடுதல் பவர் கேட்டபோது, அதே பேண்டில் தகவல் அனுப்பத் திட்டமிட்டிருந்த ஃபேஸ்புக் கவலை தெரிவித்தது. 2018 டிசம்பர் இறுதியில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கொடுத்த விலக்கு ஒரு சமரசம்: ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் பவர் உச்சம் 13 டிபிஎம் (பவரை அளக்கும் அலகு; 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட்), எந்த 33 மில்லி வினாடியை எடுத்தாலும் அதில் 10 சதவீதத்துக்கு மேல் ஒலிபரப்பக்கூடாது. 2019-இல் பிக்சல் 4 கைபேசியில் அது வந்தது. அந்த அலைவரிசை இந்தியாவில் அப்போது உரிமமின்றித் திறந்திருக்கவில்லை. அந்தக் கைபேசியும் இங்கே விற்பனைக்கு வரவில்லை. பிறகு காருக்குள் விடப்பட்ட குழந்தையைக் கண்டறியும் ரேடார்களுக்குத் தனித்தனி விலக்குகள் கொடுக்கப்பட்டன. 2023 மே மாதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பொது விதியாக்கினார்கள்.

அந்த விதியில் மூன்று எல்லைகள் முக்கியம். 57–64 முழுவதையும் எடுத்தால் உச்சம் 14 டிபிஎம். ஒவ்வொரு 33 மில்லி வினாடியிலும் மொத்தம் 25.5 மில்லி வினாடி சும்மா இருக்க வேண்டும். 2 மில்லி வினாடிக்குக் குறைந்த இடைவெளி "சும்மா" கணக்கில் வராது. 57–61.56-க்குள் அடங்கினால் 20 டிபிஎம் வரை போகலாம், 16.5 மில்லி வினாடி சும்மா இருந்தால் போதும். 57–59.4-க்குள் அடங்கினால் கட்டிடத்துக்குள் சராசரி 20 டிபிஎம். ஓய்வுக் கட்டாயம் இல்லை. 59.4, 61.56 என்ற விசித்திரமான எண்கள், அந்தப் பேண்டில் ஓடும் அதிவேக வைஃபையின் சானல் எல்லைகள். குறைவான சானல்களைத் தொட்டால் அதிக நேரம் பேசலாம் என்பதே விதியின் உட்பொருள்.

இதை உங்கள் சென்சாரில் வைத்துப் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு (ஒரே அளவீடாகச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்புக்கு) 64 ஸ்வீப், ஒவ்வொன்றும் 0.5 மில்லி வினாடி இடைவெளியில் என்று வைப்பது வழக்கம். மொத்தம் 32 மில்லி வினாடி. இடையிலுள்ள சிறு ஓய்வுகள் கணக்கில் வராததால், 57–64 முழுவதையும் எடுத்திருந்தால் இது அந்த அமெரிக்க விதியின் நேரடி மீறல். 0.1 மில்லி வினாடிக்கு ஒன்று என நெருக்கினால் 64 ஸ்வீப் 6.4 மில்லி வினாடியில் முடிந்துவிடும், விதிக்குள் வரும். ஆனால் ஃபிரேம் குறுகியதால் வேகப் பிரிதிறன் வினாடிக்கு 0.39 மீ. ஆகிவிடும், மெதுவாகத் திரும்பிப் படுப்பவரும் சுவரும் ஒரே பெட்டியில் விழுவார்கள். மறுபக்கம், ஒவ்வொரு ஸ்வீப்பையும் 3 மில்லி வினாடிக்கு ஒன்றாகத் தள்ளி வைத்தால் ஓய்வு ஏராளமாகக் கிடைக்கும், ஆனால் குழப்பமின்றி அளக்கக்கூடிய வேகம் வினாடிக்கு 0.42 மீட்டராகச் சுருங்கும். மூச்சுக்கு அது சரி. நடப்பவரை அது தப்பான வேகத்தில், சில சமயம் எதிர்த்திசையில் காட்டும்.

படுக்கையறைக்கு இந்த மூன்றில் 57–59.4 என்ற குறுகிய பட்டைதான் சரியான தேர்வு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அகலத்தில் பிரிதிறன் 6.25 செ.மீ.; கட்டிலையும் நாற்காலியையும் பிரிக்க அது போதும். மூச்சு தெரிவது ஃபேஸால், அகலத்தால் அல்ல. அகலத்தை விட்டுக்கொடுத்தால் நேரம் கிடைக்கிறது, நேரம் கிடைத்தால் நடையும் மூச்சும் ஒரே சென்சாரில் வரும். "7 ஜிகாஹெர்ட்ஸ் அகலம்" என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐரோப்பாவில் 57–64-க்கு 100 மில்லிவாட் என்ற வேறு சட்டகம். அங்கே இந்தச் சிக்கல் இவ்வளவு இறுக்கமாக இல்லை.

60 ஜிகாஹெர்ட்ஸின் இன்னொரு நன்மை, அது ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டாது என்றே வைத்துக்கொள்ளலாம். 24 அறையிலும் ஒரே பட்டையை மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். எதையும் பிரிக்கத் தேவையில்லை. ஜிப்சம் பலகைத் தடுப்பும் மரக்கதவும் வேறு, அவற்றைத் தாண்டும். அப்படிப்பட்ட அறைகளில் இரு சென்சார்களையும் ஒரே தடுப்பின் இரு பக்கத்திலும் நேருக்கு நேர் பார்க்கும்படி மாட்டாதீர்கள்.

பொதுக்கூடத்தில் நான்கைந்து 24 ஜிகாஹெர்ட்ஸ் சென்சார்கள் ஒன்றையொன்று பார்க்கும். அங்கேதான் நேரத்தைப் பங்கு போட வேண்டும். முதலில் மோதல் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1 மில்லி வினாடியில் 200 மெகாஹெர்ட்ஸ் ஸ்வீப் செய்யும் ரேடாருக்கு, 6 மீ. தூரத்தில் இருப்பவர் 40 நானோ வினாடி தாமதமாக, 8 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசமாகத் தெரிவார். பக்கத்து ரேடாரின் ஸ்வீப் வேறு சரிவில் (அதிர்வெண் ஏறும் வேகத்தில்) குறுக்கே கடந்தால், ஒரு மைக்ரோ வினாடிக்கும் குறைவான முள் போன்ற இரைச்சல் வரும். அந்தச் சில மாதிரிகளை வெட்டி எறிந்தால் போதும். ஆபத்தானது, இரண்டும் ஒரே மாடல், ஒரே சரிவு, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தொடங்குவது. அப்போது இல்லாத ஆள் ஒருவர் தெளிவாக, நிலையான தூரத்தில் தெரிவார். கடிகாரங்கள் விலக விலக அவர் மெல்ல நடந்து போவார். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பத்து மாட்யூல்களை ஒரே மின் ஸ்விட்சில் போட்டு எழுப்பினால் இதற்கு வாய்ப்பு அதிகம்.

பங்கீடு இப்படி: 100 மில்லி வினாடிச் சுற்று. அதில் ஆளுக்கு 20 மில்லி வினாடி வீதம் ஐந்து இடம். ஒவ்வொன்றிலும் கடைசி 1 மில்லி வினாடி காலி. 0.5 மில்லி வினாடிக்கு ஒன்றாக 38 ஸ்வீப் கிடைக்கும். 24 ஜிகாஹெர்ட்ஸில் குழப்பமின்றி வினாடிக்கு 6.2 மீ. வேகம் வரை பார்க்கலாம், விழுகிறவரும் அதற்குள் வருவார். கடிகாரத்தை ஓட்டும் சாதாரண கிரிஸ்டல் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ளது. எதிரெதிராக ஓடும் இரண்டு கடிகாரங்கள் வினாடிக்கு 40 மைக்ரோ வினாடி விலகும். 1 மில்லி வினாடிக் காலியிடம் 25 வினாடியில் தீர்ந்துவிடும். எனவே 5 வினாடிக்கு ஒருமுறை நேரத்தை ஒத்திசையுங்கள். ஒரே சர்வரிலிருந்து கம்பியில் ஒரு துடிப்பு அனுப்புவதே நம்பகமானது. வைஃபை வழியாக அனுப்பினால் தாமதம் மாறிக்கொண்டே இருக்கும். எல்டி2410 போன்ற மலிவு மாட்யூல்களில் ஸ்வீப்பைத் தொடங்க வெளிச் சிக்னல் கொடுக்க வழியில்லை. அவற்றை ஒரு கூடத்தில் இரண்டுக்கு மேல் வைக்க வேண்டாம்; இரண்டையும் ஒரே திசை பார்க்கும்படி, கொஞ்ச நேர வித்தியாசத்தில் எழுப்புங்கள்.

ஆர்சிடபிள்யூஎல்-0516 என்ற நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பலகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஏறக்குறைய 3.18 ஜிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. அந்த இடம் ரேடார் சேவைகளுக்கு உரியது. உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்த பேண்ட் அல்ல. அதிர்வெண் நிலையாகவும் இருக்காது. அருகே வைஃபை பேசினாலே விழித்துக்கொள்ளும், இரண்டைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று உசுப்பும். முதியோர் இல்லத்தில் இதற்கு இடமில்லை.

வைஃபையை வைத்து அசைவறிவதற்கு 802.11பிஎஃப் என்ற தரம் 2025-இல் வந்திருக்கிறது. ஈஎஸ்பி32 என்ற மலிவான வைஃபை சிப்பைக் கொண்டு இப்போதே செய்பவர்கள் உண்டு. இரண்டு கருவிகளுக்கு இடையே ஓடும் சிக்னலை ஆள் குறுக்கிடும்போது ஒவ்வொரு துணை அலையின் வலிமையும் மாறுவதைப் படிப்பதுதான் முறை. இங்கே அலைவரிசை ஒதுக்கீட்டில் மூன்று விஷயங்கள் கெடுக்கும். ஒன்று, அந்தச் சிப்புகள் தமக்குள் பேசும் ஈஎஸ்பி-நவ் முறை தானாக 1 மெகாபிட் பழைய வேகத்தில் அனுப்பும். அந்த வகை வைஃபை ஃபிரேமில் (தகவல் பொட்டலத்தில்) துணை அலைகளைப் பற்றிய சானல் தகவல் கிடைக்காது, மேலும் 100 பைட்டுக்கு ஏறத்தாழ 1 மில்லி வினாடி காற்றை அடைக்கும். வினாடிக்கு 100 வீதம் எட்டு இணைப்புகள் என்றால் சானலின் 80 சதவீதம் போச்சு. வேகத்தை ஓஎஃப்டிஎம் (பல துணை அலைகளில் பிரித்து அனுப்பும்) வகைக்கு, குறைந்தது 6 மெகாபிட்டுக்கு, மாற்றியே ஆக வேண்டும். இரண்டு, ரவுட்டரில் "தானாகச் சானல் மாற்று" என்பதை அணையுங்கள். சானல் மாறினால் காலி அறைக்கென்று கற்றுவைத்த அடிப்படை அளவு செல்லாது. மூன்று, 5 ஜிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையான சானல்களில் வானிலை ரேடார், ராணுவ ரேடார் தெரிந்தால் ரவுட்டர் 10 வினாடிக்குள் விலகி, 30 நிமிடம் திரும்பக்கூடாது என்பது விதி. உணர்தலுக்கு அந்தச் சானல்களே வேண்டாம். 36–48 அல்லது 149-க்கு மேல் நிறுத்துங்கள். நடையைப் பிடிக்க 2.4-இல் வினாடிக்கு 50 ஃபிரேம், 5-இல் 100 போதும். ஆனால் இது சுவரைத் தாண்டும். அடுத்த அறைக்காரர் நடந்தாலும் தெரியும். அதனால்தான் துணைக்கு மட்டும் என்றேன்.

பொருத்தும்போது இரண்டு தொல்லைகள். சீலிங் ஃபேன்: 1200 மி.மீ. ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று ஓடினால் இறக்கை முனை வினாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் போகிறது. மேலே சொன்ன 6.2 மீட்டர் எல்லையைத் தாண்டி, மடிந்து, நடப்பவர் வேகம் உட்பட எங்கும் வந்து உட்காரும். சென்சாரைக் கூரையில் ஃபேனுக்குப் பக்கத்தில் வைக்காமல், சுவரில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், கட்டிலை நோக்கிச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள். ஃபேன் இருக்கும் தூரக் கட்டம் கட்டில் இருக்கும் கட்டத்தோடு ஒன்றாகாதபடி இடம் பாருங்கள். அடுத்தது சென்சாரின் மூடி: ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் 24 ஜிகாஹெர்ட்ஸுக்கு 3.7 மி.மீ., 60-க்கு 1.5 மி.மீ. தடிமன் நல்லது, அந்தப் பிளாஸ்டிக்குக்குள் அரை அலைநீளம் அது. ஆன்டெனாவிலிருந்து மூடி 24-க்கு 6.2 மி.மீ., 60-க்கு 2.5 மி.மீ. அல்லது அவற்றின் மடங்கில் தள்ளி இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே 3 மி.மீ. பெட்டி என்று வாங்கினால் 24-இல் மூடியே எதிரொலிக்கத் தொடங்கும். உலோகத்தூள் கலந்த பெயிண்ட் அடிக்கவே கூடாது.

லைசென்ஸ்: இந்தியாவில் உரிமம் தேவையில்லாத பேண்டிலும் கருவிக்கு, தொலைத்தொடர்புத் துறையின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி தரும் ஈடிஏ (கருவி மாடலுக்கான) ஒப்புதல் வேண்டும், சரள் சஞ்சார் தளம் வழியாகப் பெறுவது. பெட்டியில் எஃப்சிசி, சிஇ முத்திரை இருப்பது இங்கே செல்லாது. விற்பவரிடம் அந்த மாடலுக்கான ஈடிஏ சான்றிதழைக் கேளுங்கள். அதில் குறிப்பிட்ட அதிர்வெண் எல்லையும் பவரும் உங்கள் மாட்யூலின் அமைப்போடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 60 ஜிகாஹெர்ட்ஸ் மாடலுக்கு ஈடிஏ காட்ட முடியவில்லை என்றால், ஈடிஏ உள்ள 24 ஜிகாஹெர்ட்ஸ் மாடலைப் படுக்கையறையிலும் வையுங்கள். கட்டிலிலிருந்து 2 மீட்டருக்குள் வைத்தால் அது மூச்சைப் பிடிக்கும். 76–81 ஜிகாஹெர்ட்ஸ் சிப்புகள் பெரும்பாலும் வாகனங்களுக்கானவை. இந்தியாவில் 76–77 திறக்கப்பட்டதும் வாகன ரேடாருக்குத்தான். அவற்றைச் சுவரில் மாட்ட வேண்டாம்.

எல்லாம் மாட்டியபின், ஆளில்லாத அறையில் ஃபேன், விளக்கு, ஏசி ஒவ்வொன்றாகப் போட்டு பத்துப் பத்து நிமிடம் ஒவ்வொரு தூரக் கட்டத்தின் அளவையும் பதிவு செய்யுங்கள். பிறகு எல்லா சென்சாரும் ஓடும்போது ஒரு சென்சாரை மட்டும் அணைத்து, மற்றவற்றின் அடி இரைச்சல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் அந்த இரண்டும் மோதுகின்றன; முதலில் திசையைத் திருப்புங்கள், போதாவிட்டால் நேரப் பங்கை மாற்றுங்கள். இந்தச் சோதனையை மதியச் சூட்டிலும் விடியற்காலைக் குளிரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வெப்பம் மாறினால் ஆசிலேட்டர்கள் நகரும், பகலில் விலகியிருந்த இரண்டு ரேடார்கள் இரவில் சேர்ந்துகொள்ளும்.